பெரிய சக்கரமும் பழைய வேகமானியும்

நமக்குச் சொந்தமான ஒரு பொருளை நம் விருப்பம்போல் மாற்றியமைக்கும் உரிமை நமக்கு உண்டு. இதனை மறுப்பார் இலர். ஆனால் அந்த உரிமைக்கு எல்லை உண்டா? உண்டெனில் அந்த எல்லையை வரைவது எது? நாட்டின் சட்டமா? அண்டை அயலாரின் கண்ணா? அல்லது அப்பொருள் தனக்குள்ளேயே கொண்டிருக்கும் அளவா?

இத்தகைய கேள்வியைப் பொதுப்படப் பேசினால் சொற்கள் பெருகுமேயன்றித் தெளிவு பிறவாது. ஆகவே, அது கூர்மையாக எழும் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்வோம். அமெரிக்க நாட்டில் 1960-களில் பிறந்த ஒருவகைக் கார்களை 'மசில் கார்' என்பர். மசில் என்றால் தசை. நடுத்தர அளவான உடலுக்குள் மிகப் பெரிய எஞ்சினைத் தாங்கியவை என்பதால் இப்பெயர். இன்று அவற்றைப் போற்றி வைத்திருப்போர் பலர், தொழிற்சாலை கொடுத்த சிறிய சக்கரங்களைக் கழற்றிவிட்டு 17, 18, 20 அங்குலச் சக்கரங்களையும் அகன்ற டயர்களையும் பூட்டுகின்றனர். மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராயிட் நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் உட்வர்ட் சாலையில், ஆகஸ்டு மாதத்தில் நடைபெறும் பழைய கார்களின் பவனியில் இக்காட்சியைக் காணலாம். 1995-இல் தொடங்கிய பவனி அது. பழைய சக்கரத்தோடு வரும் கார்களும், பெரிய சக்கரத்தோடு வரும் கார்களும் அங்கே அடுத்தடுத்து ஊர்கின்றன. எது சரி என்ற வாதமும் உடன் ஊர்கிறது.

இதில் அறம் பேச என்ன இருக்கிறது, வசதி படைத்தோரின் விளையாட்டுப் பொருள்தானே என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. எனினும் இரு காரணங்களால் நாம் இதனை ஒதுக்கிவிட இயலாது. முதலாவது, அந்தக் கார் கண்ணாடிப் பேழைக்குள் நிற்பது அன்று. குழந்தைகளும் முதியோரும் குறுக்கே கடக்கும் பொதுச்சாலையில் ஓடுவது. இரண்டாவது, அது ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் பிறர் கைகள் செய்து, பல கைகள் மாறி, இன்று ஒருவரிடம் தங்கியிருப்பது. நாளை இன்னொருவரிடம் செல்லவிருப்பது. இன்றைய பிறரையும் நாளைய பிறரையும் தொடும் எந்தச் செயலும் அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

பிறவியிலேயே ஒரு மாற்றம்

1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், தன் நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என்று தனக்குத்தானே ஒரு விதியை வகுத்திருந்தது. அந்நிறுவனத்தின் போன்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டெலோரியன். அவரும் அவர்தம் குழுவினரும், பெரிய கார்களுக்கென வைத்திருந்த 389 கன அங்குல எஞ்சினை 'டெம்பஸ்ட்' எனும் நடுத்தரக் காருக்குள் இறக்கினர். தனியொரு மாடல் என்று அறிவித்தால் விதி குறுக்கிடும். ஆகவே, விரும்புவோர் கூடுதல் பணம் கட்டிப் பெற்றுக்கொள்ளும் ஒரு சேர்க்கை என்ற பெயரில் அதனை விற்பனைக்கு வைத்தனர். 1964-ஆம் ஆண்டின் 'ஜி.டி.ஓ.' இவ்வாறு பிறந்தது. அதன் ஆற்றல் 325 குதிரைத்திறன். மூன்று கார்புரேட்டர்கள் பூட்டியதில் 348. முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றன.

ஏனைய நிறுவனங்களும் வாளாவிருக்கவில்லை. ஒன்றை ஒன்று விஞ்ச முனைந்தன. 1970-இல் செவர்லேயின் 'செவல்' கார், 454 கன அங்குல எஞ்சினோடும் 450 குதிரைத்திறனோடும் வந்தது. பின்னர்ப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளும், உயர்ந்துவிட்ட காப்பீட்டுக் கட்டணமும், 1973-ஆம் ஆண்டின் எண்ணெய்த் தடையும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன.

இவ்வரலாற்றில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எஞ்சின் வளர்ந்த அளவுக்கு ஏனைய உறுப்புகள் வளரவில்லை. 1964-ஆம் ஆண்டின் ஜி.டி.ஓ. 14 அங்குலச் சக்கரங்களில், இன்றைய கண்ணுக்கு மிக ஒடுங்கியனவாகத் தோன்றும் டயர்களோடு வந்தது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். டயரும், இழைகள் மூலைவாட்டில் ஒன்றையொன்று குறுக்கிடும் பழைய வகையைச் சார்ந்தது. பிரான்சு நாட்டின் மிஷலின் நிறுவனம் 1946-இலேயே ரேடியல் டயருக்குக் காப்புரிமை கோரியிருந்தும், அமெரிக்கக் கார்களில் அது பரவப் பல்லாண்டுகள் ஆயின. ஓடும் வலிமை பெருகியது. நிற்கும் வலிமை அதே அளவில் பெருகவில்லை. கார்களின் பாதுகாப்பின்மை குறித்து 1965-இல் ரால்ஃப் நேடர் எழுதிய நூல் அந்நாட்டை உலுக்கியதும், மறு ஆண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் இச்சூழலில்தான்.

ஆகவே, 'இக்காரை உள்ளது உள்ளபடியே விடுங்கள். மாற்றுவது மரபுக்கு இழைக்கும் துரோகம்' என்போரின் கூற்றை நாம் முழுமையாக ஏற்க இயலவில்லை. அந்தக் காரே ஒரு மாற்றத்தின் பிள்ளை. அதுவும் பாதி வழியில் நின்றுபோன மாற்றத்தின் பிள்ளை. பெரிய சக்கரம் பூட்டுவோர் சொல்லும் காரணங்களில் உண்மை இருக்கிறது. அகன்ற டயர் சாலையை இன்னும் உறுதியாகப் பற்றும். டிரம் பிரேக்கை அகற்றிப் பெரிய டிஸ்க் பிரேக் பொருத்த வேண்டுமெனில், அதற்கு ரிம்முக்குள் இடம் வேண்டும். 14 அங்குல ரிம்மில் அந்த இடம் இல்லை. மேலும், நல்ல பிடிப்புள்ள இன்றைய டயர்கள் 17, 18 அங்குலங்களில் எளிதாகக் கிடைப்பதுபோல் 14 அங்குலத்தில் கிடைப்பதில்லை. படைத்தவர் விட்டுவைத்த குறையை நிறைவு செய்வது அப்பொருளுக்குச் செய்யும் பகை ஆகாது. அது உதவியே.

மாறாதது எது?

பழமையைப் போற்றுவோர் விடமாட்டார்கள். 'ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், முடிவில் எஞ்சுவது அதே கார்தானா?' என்று வினவுவர். இது மிகப் பழைய வினா. தீசியுசு எனும் மன்னனின் கப்பலை ஏதென்சு மக்கள் நெடுங்காலம் பாதுகாத்தனர் என்றும், மக்கிய பலகைகளை அகற்றிப் புதிய பலகைகளைப் பொருத்திக்கொண்டே வந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்று மெய்யியலார் இரு கட்சியாக நின்று வாதிட்டனர் என்றும் புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார்.

டயரைப் பொறுத்தமட்டில் இவ்வாதம் சற்று எளிதாகிறது. ரப்பர் மூப்படையும் பொருள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது இறுகி வெடிக்கும். 1964-இல் தொழிற்சாலை பூட்டிய டயரோடு இன்று ஒரு கார் சாலையில் ஓடுமானால் அது மரபுப் பற்று அன்று, பொறுப்பின்மை. ஆகவே, பழமையில் எவ்வளவு உறுதியுள்ளவரும் டயரின் பருப்பொருளைக் காக்க முடியாது. அதன் வடிவத்தை மட்டுமே காக்க முடியும். டென்னசி மாநிலத்தில் 1958-இல் தொடங்கப்பட்ட கோக்கர் நிறுவனம் போன்றவை, பழைய தோற்றத்திலேயே புதிய டயர்களைச் செய்து தருவது இதன் பொருட்டே. கண்ணுக்கு அது அன்றைய டயர். கைக்கு அது இன்றைய ரப்பர்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1960-களில் இக்கார்களை வாங்கிய இளைஞர் பலர், வாங்கிய கையோடு தொழிற்சாலைச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் குரோமியச் சக்கரங்களைப் பூட்டினர். கடையிலிருந்து வந்த மறுநாளே மாறிவிட்டதால், அவ்வகைக் கார்களை 'இரண்டாம் நாள்' கார்கள் என்று அங்கே இன்றும் அழைக்கின்றனர். எனவே அசல் என்பது எந்த நாளைக் குறிக்கிறது? தொழிற்சாலைக் கதவைத் தாண்டிய நாளையா, முதல் உடைமையாளர் அதனை நேசித்து ஓட்டிய நாள்களையா?

அரிஸ்டாட்டில் ஒரு பொருளை அறிய நான்கு காரணங்களைக் கேட்கச் சொன்னார். எதனால் ஆனது, என்ன வடிவம் கொண்டது, யாரால் ஆக்கப்பட்டது, எதற்காக ஆக்கப்பட்டது என்பன அவை. பழமையைப் போற்றுவோர் முதல் மூன்றில் நின்றுவிடுகின்றனர். நான்காவதைக் கேட்டால் விடை வேறாகிறது. கார் ஓடுவதற்காக ஆக்கப்பட்டது. ஓடி, ஏறியவரை நலமாகக் கொண்டு சேர்ப்பதற்காக ஆக்கப்பட்டது. துணி போர்த்தி, ஒரு மைலும் ஓடாமல், ஒவ்வொரு திருகாணியும் அசலாக நிற்கும் கார், வடிவத்துக்கு உண்மையாக இருக்கலாம். நோக்கத்துக்கு உண்மையாக இல்லை. மாற்றுவோருக்கு இதுவரை நம் வழக்குரை சாதகமாகவே இருந்தது. ஆனால், நோக்கத்தின் பெயரால் வாதாடுவோர், அதே நோக்கத்தின் முன் கணக்கும் காட்டியாக வேண்டும்.

ஒன்றைத் தொட்டால்

சக்கரம் தனியொரு உறுப்பு அன்று. எஞ்சின், கியர், ஸ்டீயரிங், ஸ்பிரிங், பிரேக் ஆகிய அனைத்தும் சாலையோடு பேசுவது அதன் வாயிலாகவே. ஆகவே அதன் அளவை மாற்றுவது, அவை அனைத்துக்கும் தெரியாமல் அவற்றின் மொழியை மாற்றுவதாகும்.

கணக்காகவே பார்ப்போம். அக்காலக் கார்களுக்கு இன்று பொதுவாகப் பூட்டப்படும் 225/70 அளவுள்ள 14 அங்குல டயரை எடுத்துக்கொள்வோம். முதல் எண் மி.மீ. கணக்கில் டயரின் அகலம். இரண்டாவது எண், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. இந்த டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 671 மி.மீ. இதற்கு மாற்றாக 275/40 அளவுள்ள 20 அங்குல டயரைப் பூட்டினால் விட்டம் 728 மி.மீ. ஆகிறது. அகலம் 50 மி.மீ. கூடுகிறது, ஆரம் ஏறத்தாழ 29 மி.மீ. கூடுகிறது. நேரே நிற்கும்போது எல்லாம் பொருந்தியதாகவே தோன்றும். ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பும்போதோ, நான்கு பேர் ஏறியமர்ந்து மேட்டில் இறங்கும்போதோ டயர் மட்கார்டின் விளிம்பில் உரசும். உரசும் டயர் ஒருநாள் கிழியும்.

ரிம் ஆக்சிலோடு பொருந்தும் முகம் உள்ளே தள்ளியிருக்கிறதா, வெளியே தள்ளியிருக்கிறதா என்பது மற்றொன்று. ஸ்டீயரிங் திரும்பும் அச்சு தரையைச் சேரும் புள்ளிக்கும், டயரின் நடுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அதனை வடிவமைத்தவர் அளந்து வைத்திருப்பார். சக்கரத்தை வெளியே தள்ளினால் அந்த இடைவெளி மாறும். பள்ளத்தில் இறங்கும் சக்கரம் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பறிக்கப் பார்க்கும். பேரிங் தனக்கு விதிக்கப்படாத சுமையைச் சுமக்கும். பக்கச் சுவரின் உயரமோ 157 மி.மீ. இலிருந்து 110 மி.மீ. ஆகக் குறைகிறது. சாலையின் குழிகளை உள்வாங்கிய காற்றுத் தலையணை மெலிந்துவிட, அடி ரிம்மில் நேரே விழுகிறது.

பிரேக்கின் நிலை என்ன? பழைய பிரேக்கை அப்படியே விட்டுவிட்டால், ஆரம் கூடிய அளவுக்கு அது தரையில் செலுத்தும் தடுப்பாற்றல் குறையும். நாம் எடுத்துக்கொண்ட அளவில் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைகிறது. பெரிய சக்கரத்தைப் பார்த்தவர், 'இப்போது கார் இன்னும் வலிமையாகிவிட்டது' என்கிறார். நிறுத்தும் கை தளர்ந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாது.

'விரலுக்கேற்ற வீக்கம்' என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். அளவறிந்து செய்வோர் இதனை அறிவர். அவர்கள் ரிம்மைப் பெரிதாக்கும்போது டயரின் பக்கச் சுவரைக் குறைத்து, மொத்த விட்டத்தைப் பழைய அளவிலேயே வைத்துக்கொள்கின்றனர். 235/50 அளவுள்ள 17 அங்குல டயரின் விட்டம் 667 மி.மீ.; பழையதினும் ஏறத்தாழ 4 மி.மீ. மட்டுமே குறைவு. வாங்குவதற்கு முன்பே, ஸ்பிரிங்கின்மேல் காரின் முழுப் பாரமும் இருக்கும்படி நிறுத்தி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதும் திருப்பி, உள்ளும் புறமும் இடைவெளிகளை அளந்து குறித்துக்கொள்கின்றனர். அவர்களும் மாற்றத்தான் செய்கின்றனர். ஆனால் பொருளைக் கேட்டு மாற்றுகின்றனர்.

பொய் சொல்லாத கருவியின் பொய்

இவை அனைத்திலும் நம் சிந்தையை மிகவும் பற்றிக்கொள்வது வேகமானியின் நிலையே. இக்கார்களில் வேகமானி சாலையைப் பார்ப்பதில்லை, டயரையும் பார்ப்பதில்லை. கியர்பாக்சின் பின்முனையில் உள்ள ஒரு சிறு பல்சக்கரம் சுழல, அதனோடு இணைந்த கம்பி வேகமானியைச் சுழற்றுகிறது. இத்தனை சுற்றுக்கு இத்தனை தொலைவு என்று பழைய டயரின் அளவை நம்பி அது கணக்கிடுகிறது. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் கார் அதிகத் தொலைவு செல்லும். வேகமானிக்கு அது தெரியாது. அது 60 மைல் என்று காட்டும்போது, நாம் மேலே கண்ட 728 மி.மீ. டயரில் கார் உண்மையில் 65 மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மைல் கணக்கும் அவ்வாறே. 10,000 என்று காட்டும்போது உண்மையில் ஏறத்தாழ 10,850 மைல் ஓடியிருக்கும்.

ஐந்து மைல்தானே என்று எண்ணிவிடலாகாது. ஓடும் காரின் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகப் பெருகும். வேகம் எட்டரை விழுக்காடு கூடினால் ஆற்றல் 18 விழுக்காடு கூடும். நிற்க வேண்டிய தொலைவும் அதற்கேற்ப நீளும். பிரேக் தளர்ந்திருந்தால் இன்னும் நீளும். ஒரு குழந்தை பந்தைத் துரத்தி ஓடிவரும் வேளையில், அந்த நீட்சிக்குள்தான் வாழ்வும் சாவும் நிற்கின்றன.

ஓட்டுநர் விதியை மீறவில்லை என்றே நம்புகிறார். அவர் கண் முன்னுள்ள முள் அதற்குச் சாட்சி சொல்கிறது. முள் பழுதடையவும் இல்லை. இப்போது அங்கே இல்லாத ஒரு சக்கரத்தைப் பற்றி அது உண்மையையே பேசிக்கொண்டிருக்கிறது. பொய் எங்கே நுழைந்தது? கருவியிலும் அன்று, சக்கரத்திலும் அன்று. சக்கரத்தை மாற்றியவர், கருவியோடு அதனை ஒப்புரவாக்காமல் விட்ட இடைவெளியில் நுழைந்தது. அறியாமல் நிகழ்ந்தது என்று அவர் சொல்லலாம். ஆனால் அறிந்துகொள்ள வேண்டிய கடமை, சக்கரத்தைத் தொட்ட கணமே அவருக்கு வந்துவிட்டது. தவிர்க்கக்கூடிய அறியாமை முழு மன்னிப்புக்கு உரியதன்று என்பது அறநூல்களின் பொதுவான முடிவு.

ஐரோப்பிய நாடுகள் பலவும் ஏற்றுள்ள வாகன விதி ஒன்றில் ஆழ்ந்த அறவுணர்வு பொதிந்திருக்கிறது. ஐ.நா. அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 39-ஆம் விதி அது. வேகமானி உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம்; அதற்கும் வரம்பு உண்டு. குறைத்துக் காட்டவே கூடாது. பிழை நேருமாயின், அது நம்மைக் கட்டுப்படுத்தும் பக்கமாக நேரட்டும், நம்மைத் தட்டிக்கொடுக்கும் பக்கமாக நேர வேண்டாம் என்பதே அதன் கருத்து. நம்மை நாமே அளந்துகொள்ளும் எந்த அளவைக்கும் இது தக்க விதி.

மனித வாழ்விலும் சக்கரங்கள் பெரிதாகின்றன. எளிய பணியில் இருந்த ஒருவர் தலைமையாசிரியர் ஆகிறார். முன்பு அவர் தோழர்களிடையே வேடிக்கையாகச் சொன்ன சொல், அதே தொனியில், இன்று ஓர் இளம் ஆசிரியரின்மேல் விழுகிறது. தாம் மெல்லத்தான் பேசியதாக அவர் மனம் காட்டுகிறது. அது பழைய அளவில் காட்டுகிறது. கேட்டவர் பல இரவுகள் உறங்கவில்லை. அவ்வாறே, வருவாய் பெருகிய குடும்பத்தில், முன்போலவே நூறு ரூபாய் கொடுத்துவிட்டு முன்போலவே கொடைமனம் உடையோம் என்று நினைக்கிறோம். இவர்கள் தீயவர் அல்லர். இவர்களின் மனச்சான்று இறந்துவிடவும் இல்லை. வளர்ந்துவிட்ட சக்கரத்துக்கு அது ஒப்புரவாக்கப்படவில்லை, அவ்வளவே.

திரும்ப முடியாத வெட்டு

பெரிய டயர் உள்ளே நுழையாவிட்டால் என்ன செய்வது? சிலர் மட்கார்டின் உள்விளிம்பை மடிக்கின்றனர். சிலர் அதனை வெட்டியே எறிகின்றனர். 1960-களிலும் 70-களிலும் பந்தய டயர்களுக்கு இடம் தேடி இவ்வாறு வெட்டப்பட்ட கார்கள் பல. இன்று அவற்றைச் சீர்ப்படுத்த முனைவோர் அந்த வெட்டுகளின் முன் திகைத்து நிற்கின்றனர். திருகாணியால் பூட்டியதைத் திருகாணியால் கழற்றலாம். வாளால் அறுத்ததை எதனால் மீட்பது?

ஜி.டி.ஓ. பிறந்த அதே 1964-ஆம் ஆண்டில், வெனிஸ் நகரில் கூடிய கட்டடக் கலைஞரும் வல்லுநரும் பழஞ்சின்னங்களைச் சீரமைப்பது குறித்து ஒரு சாசனம் வகுத்தனர். சீரமைப்பில் புதிதாகச் சேர்ப்பது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும். அதே வேளையில் இது புதியது என்று அடையாளம் காணத்தக்கதாகவும் இருக்க வேண்டும். வரலாற்றுச் சான்று பொய்யாகிவிடலாகாது என்பது அதன் சாரம். கல்லுக்குச் சொன்ன அறம் இரும்புக்கும் பொருந்தும். பழமையான வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு வகுத்துள்ள துரின் சாசனம் இந்த நெறியையே பின்பற்றுகிறது. செய்யும் மாற்றம் மீட்கத்தக்கதாக இருப்பது நன்று, அகற்றிய முக்கிய உறுப்புகளை வண்டியோடே பாதுகாப்பது நன்று என்று அது அறிவுறுத்துகிறது.

இதனை வெறும் தொல்பொருள் ஆர்வம் என்று கொள்ளலாகாது. நம் முடிவே இறுதி முடிவு, நம் சுவையே இறுதிச் சுவை என்று கருதாத அடக்கம் இதில் இருக்கிறது. நாளை இக்காரைப் பெறுபவர் நம்மினும் அறிவுடையவராக இருக்கலாம். அவருக்கு ஒரு கதவைத் திறந்துவைத்துப் போக வேண்டும். கழற்றிய நான்கு சிறிய சக்கரங்களையும் எண்ணெய் பூசி, துணியில் பொதிந்து, கொட்டகையின் மூலையில் வைத்திருப்பவர், தாம் உடைமையாளர் மட்டுமல்லர், காப்பாளரும் ஆவார் என்று ஒப்புக்கொள்கிறார். விற்கும் நாளில், மாற்றியவற்றை மறைக்காமல் எடுத்துரைப்பதும் அதே கடமையின் பகுதி.

யாருக்காக இந்த அளவு?

இறுதியாக ஒரு கேள்வி எஞ்சுகிறது. 17 அங்குலம் போதுமான இடத்தில் 20 எதற்கு? 20 வந்த பின் 22 எதற்கு? எபிக்டீட்டஸ் எனும் கிரேக்க ஞானி, உடைமைக்கு உடலே அளவுகோல் என்பதற்குக் காலையும் காலணியையும் சான்றாகக் காட்டினார். காலின் தேவையைத் தாண்டிவிட்டால் பொன்முலாமும் வண்ணமும் வேலைப்பாடும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அதற்குப் பின் எல்லையே இல்லை என்பது அவர் கருத்து. காலணிக்குக் கால் எப்படியோ, அப்படியே சக்கரத்துக்குக் கார். பிரேக்குக்கு இடம் வேண்டும், சாலையில் பிடிப்பு வேண்டும் என்பன காரிலிருந்து எழும் காரணங்கள். அவற்றுக்கு ஒரு நிறைவு உண்டு. வேண்டியது கிடைத்ததும் நின்றுவிடும். பார்ப்போர் வியக்க வேண்டும் என்பது காருக்கு வெளியிலிருந்து எழும் காரணம். அதற்கு நிறைவு இல்லை. ஏனெனில் அடுத்த கார் இன்னும் பெரிய சக்கரத்தோடு வரும்.

அழகை நாம் பழிக்கவில்லை. நன்கு அமைந்த சக்கரம் கண்ணுக்கு இன்பமே. அந்த இன்பத்தில் குற்றமும் இல்லை. ஆனால் அழகு என்பதே உறுப்புகளின் இசைவில் பிறப்பது. தன் எஞ்சினும் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அறியாத ஒரு சக்கரத்தைச் சுமந்து நிற்கும் கார், அழகாகத் தோன்றலாம். அது நிழற்படத்துக்குரிய அழகு.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். மாற்றும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அது தனியே வருவதில்லை. மாற்றத்தை அது தொடும் ஒவ்வோர் உறுப்பு வரையிலும் கொண்டு செலுத்தும் கடமையும், நம்மை அளக்கும் கருவியைப் புதிய அளவுக்கு ஒப்புரவாக்கும் கடமையும், பின்வருபவர் திரும்பிச் செல்ல வழிவிடும் கடமையும் அதனோடு சேர்ந்தே வருகின்றன. இக்கடமைகளை ஏற்பவர் தாராளமாக மாற்றட்டும். இவற்றை ஏற்க மனமில்லாதவர் சிறிய சக்கரத்தோடு இருப்பது அவருக்கும் சாலைக்கும் நலம்.

உட்வர்ட் சாலையின் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்போர் அனைவரும் பெரிய சக்கரத்தைப் பார்க்கின்றனர். கியர்பாக்சின் பின்னே இருக்கும் அந்தச் சிறு பல்சக்கரத்தை எவரும் பார்ப்பதில்லை. பல கார்களில் அது பிளாஸ்டிக்கால் ஆனது. பற்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வண்ணம் மாறுவது. ரிம்மின் விலையோடு ஒப்பிட்டால் விலை என்றே சொல்ல முடியாதது. புதிய டயருக்கு ஏற்ற பற்களுள்ள ஒன்றை அங்கே பொருத்திவிட்டால் முள் மீண்டும் மெய் பேசும். அதைச் செய்தவரைக் கைதட்டிப் பாராட்ட ஆள் இல்லை. செய்யாதவரைக் கண்டிக்கவும் ஆள் இல்லை. செய்தாரா இல்லையா என்பதை ஓட்டுகிறவர் ஒருவரே அறிவார்.